ஐரோப்பாவுக்கு மிக்ஸி: சிஇ குறி போடும் முன்

ஐரோப்பிய விதிகளுக்குப் பொருள் பொருந்துகிறது என்று காட்டும் சிஇ குறியை யாரும் வழங்குவதில்லை, தயாரிப்பாளரே போட்டுக்கொள்கிறார். மிக்ஸி மாதிரி வீட்டுப் பொருளுக்கு அரசு ஒப்புதல் எண் எதுவும் கிடையாது. சோதனை அறிக்கையோடு நீங்களே கையெழுத்திட்டு உறுதிமொழி தருகிறீர்கள். ஆகவே முத்திரை குத்திய 'சிஇ சர்டிபிகேட்' ஒன்றை மட்டும் விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

மிக்ஸிக்கு முக்கியமானவை மூன்று சட்டங்கள்: மின் பாதுகாப்புக்கு 2014/35, மின்காந்த இடையூறுக்கு 2014/30, நச்சுப் பொருள்களுக்கு 2011/65. பாதுகாப்புச் சோதனை ஐரோப்பியத் தரநிலைகளான ஈஎன் 60335-1, சமையலறை இயந்திரங்களுக்கான 60335-2-14 இரண்டின்படியும் நடக்கும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் மோட்டாரை மறுபடி சுற்ற வேண்டாம். பிளக்கும் வயரும் மட்டும் கட்டாயம் மாற வேண்டும். ஐரோப்பிய 'ஹார்' முத்திரை உள்ள எச்05விவி-எஃப் வயர் வாங்குங்கள்.

பெரும்பாலான மாடல்கள் தோற்பது இடையூறுச் சோதனையில். கார்பன் பிரஷ் தீப்பொறி 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை மின்கம்பி வழியே இரைச்சலைத் தள்ளும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எக்ஸ்2 கெபாசிட்டர், ஒவ்வொரு பிரஷுக்கும் தொடராக இரைச்சலைத் தடுக்கும் ஒரு சோக் காயில்: இவை பிரஷுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. அதுவும் போதாதென்று எர்த்துக்கு ஒய் கெபாசிட்டர் போடுவார்கள், சிக்கல் அங்கேதான் வரும். 4700 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றே சுமார் 0.34 மில்லி ஆம்பியர் கசியவிடும். எர்த் உள்ள கையடக்கச் சாதனத்துக்கு வரம்பே 0.75 மில்லி ஆம்பியர்தான். ஈரப்பதச் சோதனைக்குப் பிறகு மோட்டார் காப்பிலிருந்து வரும் கசிவும் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடக்கூடும். சோக்கைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே ஒய் கெபாசிட்டரைத் தொடுங்கள்.

எர்த் இணைப்பை 25 ஆம்பியர் செலுத்தி அளப்பார்கள், வயரின் தடை நீங்கலாக 0.1 ஓம் தாண்டக் கூடாது. பெயின்ட் மேல் ஸ்குரூ போட்ட எர்த் முனை இதில் மாட்டும்.

நச்சுப் பட்டியலில் ஈயத்துக்கு வரம்பு 0.1 சதவீதம், காட்மியத்துக்கு 0.01 சதவீதம். மலிவான பிவிசி வயரை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் நான்கும் அதில் உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் சப்ளையரின் எழுத்துப்பூர்வ உறுதி வாங்கி வையுங்கள்.

உணவு தொடும் பாகங்களுக்கு விதி வேறு. பாலிகார்பனேட் ஜூஸ் ஜாரையும் மூடியையும் இனி அனுப்பும் எண்ணம் வேண்டாம். அந்த பிளாஸ்டிக்கைச் செய்யப் பயன்படும் பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனத்தை 2024/3190 விதி தடை செய்கிறது, பொதுவான கெடு 2026 ஜூலை 20.

சிஇ குறி குறைந்தது 5 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயர், முகவரி பொருளிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். கையேடு விற்கும் நாட்டின் மொழியில். மின்கழிவுப் பதிவு நாட்டுக்கு நாடு தனி, இறக்குமதியாளரோடு இதை முன்கூட்டியே பேசுங்கள். சோதனை அறிக்கையும் உறுதிமொழியும் உள்ள ஃபைலை 10 ஆண்டு வைத்திருங்கள்.

சோதனை அறிக்கையோடு முக்கியப் பாகங்களின் பட்டியல் இருக்கும், கெபாசிட்டர், சுவிட்ச், ஓவர்லோடு, வயர் எல்லாம் பிராண்டும் மாடலுமாக. கையிருப்பு இல்லையென்று பர்சேஸ் பிரிவு வேறு கம்பெனி கெபாசிட்டர் வாங்கிவிட்டால் அந்த அறிக்கை அந்த லாட்டுக்குச் செல்லாது.