கத்திக்குத் தோய்ச்சல் போட எந்த எண்ணெய்?

தோய்ச்சல் என்பது செக்கச்செவேல் என்று சூடாக்கிய கத்தியை எண்ணெயில் முக்கிச் சட்டென்று ஆறவைத்து இறுக்குவது. எண்ணெயைத் தேடும் முன் கையில் இருப்பது எந்த ஸ்டீல் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எண்ணெயை முடிவு செய்வது அதுதான். 1095, டபிள்யூ2 போன்ற ஸ்டீல் வகைகளில் கார்பன் அதிகம், மாங்கனீஸ் குறைவு, அதனால் அவகாசமே கிடையாது. 800 டிகிரி செல்சியஸில் இருந்து சுமார் 540-க்குக் கீழே ஒரு விநாடிக்குள் இறங்கியாக வேண்டும், பிந்தினால் உள்ளே பியர்லைட் என்ற மென்மையான அமைப்பு உருவாகி வெட்டுவாய் நிற்காது. இவற்றுக்குப் பார்க்ஸ் 50 மாதிரி வேகமான, அதாவது சூட்டைச் சட்டென்று இழுக்கும், தோய்ச்சல் எண்ணெய்தான் சரி. 5160, 52100, ஓ1 எல்லாம் நிதானமானவை, நடுத்தர வேகமே போதும், வேக எண்ணெயில் முக்கினால் வளையவோ விரிசல் விடவோ வாய்ப்பு கூடும். ஏ2, டி2 காற்றிலேயே இறுகும்.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது 1084 ஸ்டீலும் கனோலா எண்ணெயும். ஆனால் கனோலாவை 50–55 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் சூடாக இருந்தால் கத்தி மெதுவாகத்தானே ஆறும் என்று தோன்றும், நடப்பது வேறு. செக்கச்செவேல் என்ற அலகு உள்ளே போனதும் அதைச் சுற்றி ஆவிப்படலம் ஒன்று போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், அது கலையும்வரை சூடு மெதுவாகத்தான் வெளியேறும். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி நன்றாக ஓடுவதால் அந்தப் படலம் சீக்கிரம் கலைந்துவிடும். பார்க்ஸ் 50-ஐ மட்டும் சூடாக்க வேண்டாம், அறை வெப்பநிலையிலேயே அது வேலை செய்யும்.

வண்டியில் இருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் கலந்திருக்கும் உலோகத் துகளும் ரசாயனமும் புகையோடு நேராக உங்கள் நுரையீரலுக்குள்தான் போகும், வேகமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது.

பாத்திரம் இரும்பாக, அலகின் நீளத்தைவிட ஆழமாக, இறுக்கமான மூடியோடு இருக்கட்டும், பிளாஸ்டிக் கூடவே கூடாது. ஒரு கிலோ ஸ்டீலுக்கு எட்டு லிட்டர் என்பது நல்ல கணக்கு, சிறிய கத்திக்கும் நாலு லிட்டருக்குக் குறைக்காதீர்கள். எண்ணெயில் துளி தண்ணீர்கூட இருக்கக் கூடாது, அது சட்டென்று ஆவியாகிக் கொதிக்கும் எண்ணெயை வெளியே வீசும். தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அமுக்குங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சரி, இனி முக்கலாம். 1084-ஐ 815 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், சூடு அளக்கக் கருவி இல்லையென்றால் காந்தம் ஒட்டாமல் போனதற்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் சூடேற்றினால் போதும். நுனி கீழே இருக்க நேராக முழுவதும் இறக்குங்கள், பாதி வெளியே நின்றால் அங்கேதான் தீ எழும். வெட்டுவாய், முதுகு திசையில் முன்னும் பின்னும் அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் வளைந்துவிடும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வெட்டுவாயில் அரத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் இறுகிவிட்டது, கடித்தால் மேல்தோலில் கார்பன் போயிருக்கலாம், இன்னும் கொஞ்சம் அராவிப் பாருங்கள், அப்போதும் கடித்தால் சூடோ எண்ணெயின் வேகமோ போதவில்லை. இறுகிய அலகு கண்ணாடி மாதிரி உடையும், அதனால் அடுத்த நாளைக்கு என்று வைக்காமல் உடனே 200 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் இரண்டு மணி நேரம் வையுங்கள்.