கம்ப்ரஸர் மேல் பழி போடாதீங்க: ஏர் சஸ்பென்ஷன் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏர் சஸ்பென்ஷன் வண்டியை இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் (ஏர் பேக்) தாங்கும், அவற்றுக்குக் காற்று ஏற்றுவது கம்ப்ரஸர். ராத்திரி நேராக நிறுத்திய வண்டி, காலையில் பார்த்தால் ஒரு பக்கமாக அமுங்கிக் கிடக்கும். சாவி போட்டதும் கம்ப்ரஸர் ஓடித் தூக்கிவிடும். 'அதுதான் ஏறுதே' என்று நாமும் ஓட்டுவோம். கொஞ்ச நாளில் கம்ப்ரஸர் எரிந்துபோகும்.

பொள்ளாச்சியில் என் பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-க்கு அப்படித்தான் ஆனது. பட்டறையில் புது கம்ப்ரஸர் மாட்டித் தந்தார்கள். காற்று எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. வால்பாறை போய் 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த கொஞ்ச நாளில் அதுவும் போச்சு. கசிவு இருந்தால் எந்தக் கம்ப்ரஸரும் ஓய்வில்லாமல் ஓடித்தான் சாகும். முதலில் ஓட்டையைக் கண்டுபிடிங்க.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுத்தி வைத்த டிஸ்கவரி அவ்வப்போது தானே விழித்து, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். எந்த மூலை கசிகிறது என்பதே தெரியாமல் போகும். அதனால் சஸ்பென்ஷன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, நாலு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்க. காலையில் மறுபடி அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். பிறகு அங்கே சோப்புத் தண்ணீர் அடிங்க, கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். உயர நிலையில் மட்டும் அடித்துப் பார்த்தால் போதாது. ரப்பர் மடிப்பு ஒவ்வொரு உயரத்துக்கும் இடம் மாறும், வெடிப்பு ஒரு நிலையில்தான் வாயைத் திறக்கும். குழாய் சேரும் இடங்களையும், காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கையும் விடாதீங்க.

வெடித்த ஏர் பேக்குக்குப் பஞ்சர் ஒட்டுவது வேண்டாம். நாளெல்லாம் மடிந்து விரியும் ரப்பரில் ஒட்டு நிற்காது. அடிப்பாகத்தில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கச் சொல்வதும் வேண்டாம், ரப்பர் ஊறிக் கெடும். தோட்டத்துச் செம்மண் மடிப்பில் சேர்ந்தால் வண்டியை உயர்த்திப் பச்சைத் தண்ணீரில் கழுவினாலே போதுமுங்க.

கம்ப்ரஸர் மாற்றத்தான் வேண்டும் என்றால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலேவையும் சேர்த்து மாற்றுங்க. பழைய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரில் உள்ள மணிகள் ஈரம் ஏறிப் பொடியாகியிருந்தால் அந்தப் பொடி வால்வு பிளாக்கில் போய் அடைக்கும், அதையும் பாருங்க.

மாட்டும்போது நடக்கும் தவறு இரண்டு. காற்று இல்லாத புது பேக்கின் மேல் வண்டியின் பாரத்தை இறக்கினால் மடிப்பு நசுங்கிக் கிழியும். சக்கரம் தொங்கும்போதே காற்று ஏற்றி, பிறகு மெல்ல இறக்கணும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) போல்ட்டைத் தொங்கும் நிலையில் முழுதாக முறுக்கினால் அதன் ரப்பர் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கடைசி முறுக்கு, வண்டி வழக்கமான உயரத்தில் நிற்கும்போதுதான். அது முடிந்ததும் கருவி வைத்து உயரத்தைச் சரியாக அமைக்காமல் (கேலிப்ரேட் செய்யாமல்) சாவியை வாங்காதீங்க.

காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாம் என்பார்கள். மாற்றலாம், ஆனால் கல்லும் குழியுமான பாதையில் வண்டியைத் தூக்கும் வசதியே போய்விடும். அதற்காகத்தானே இந்த வண்டியை வாங்கினோம்?

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேனுங்க. காற்றை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீங்க, ஜாக்கியை மட்டும் நம்பியும் போகாதீங்க. சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் குழாயைக் கழற்றணும். ஒரு குழாய் கழன்றாலே அந்த மூலை கண் இமைப்பதற்குள் இறங்கிவிடும்.