பொது சர்வரில் பயன்பாட்டுத் தரவு: சேகரிக்கும் முன் காரணத்தை எழுதுவது எப்படி?

பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு சர்வரையோ, பல கணினிகளை இணைத்து ஒன்றாக இயக்கும் கிளஸ்டரையோ நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் உங்களுக்குத் தேவைப்படுகிறது. லாக், அதாவது பயன்பாட்டுப் பதிவு, எடுக்க ஆரம்பிப்பது சுலபம். அதற்கு முன்னால் எதை எடுக்கிறோம், எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதை இரண்டு பக்கத்துக்குள் எழுதிவிடுங்கள். சர்வரில் வேலை செய்பவர்கள் உங்களை நம்பித்தான் தங்கள் கோப்புகளை அங்கே வைத்திருக்கிறார்கள்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"பயன்பாட்டைக் கண்காணிக்க" என்று எழுதினால் அதில் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம். "அடுத்த முறை வாங்கும் கணினிகளில் நினைவகம் எவ்வளவு இருக்க வேண்டும்?" என்பது கேள்வி. "ஒரு குழுவே வேலைகளின் காத்திருப்பு வரிசையை அடைத்துக்கொள்கிறதா?" என்பது இன்னொன்று. திருட்டுத்தனமான நுழைவைக் கண்டுபிடிப்பது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தரவு வேறு.

படி 2: பதிவில் உள்ள ஒவ்வொரு புலத்தையும் (தகவல் வகையையும்) கேள்வியோடு பொருத்துங்கள்

அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். பயனர்கள் தரும் வேலைகளை (ஜாப்) வரிசைப்படுத்தி ஓட்ட பல கிளஸ்டர்களில் பயன்படும் ஸ்லர்ம் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் கணக்குப் பதிவில் பயனர் பெயர், குழு, ஜாப் பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கேட்ட நினைவகம், உண்மையில் எட்டிய உச்ச நினைவகம் என்று வரிசையாக இருக்கும். நினைவகம் பற்றிய கேள்விக்குக் கடைசி இரண்டும், ஓடிய நேரமும், குழுவும் போதும்.

ஜாப் பெயரைக் கவனியுங்கள். அதைப் பயனரே தட்டச்சு செய்கிறார். ஒரு நோயின் பெயரோ, இன்னும் வெளியிடாத ஆய்வின் தலைப்போ அதில் இருக்கலாம். கட்டளை வரி, அதாவது நிரலை ஓட்டப் பயனர் கொடுக்கும் முழுக் கட்டளை, இன்னும் மோசம்: கோப்புப் பாதைகள், சில சமயம் கடவுச்சொல்கூட அப்படியே வந்துவிடும். உங்கள் கேள்விக்கு அவை தேவையில்லை என்றால் முதலிலேயே விட்டுவிடுங்கள். எடுத்துவிட்டுப் பிறகு மறைக்கலாம் என்று நினைத்தால், அதற்குள் அவை பேக்கப்பில் போய் உட்கார்ந்திருக்கும்.

குழுவாரியாகக் கூட்டித் தந்தால் ஆளை மறைத்துவிட்டோம் என்றும் நினைக்காதீர்கள். ஒரே ஆள் இருக்கும் குழுவில் குழுவின் பெயரே ஆளின் பெயர்தான். சிறிய குழுக்களை "மற்றவை" என்று சேர்த்துவிடுங்கள்.

படி 3: பெயரை மாற்றினால் போதுமா?

பயனர்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டிய கேள்வி என்றால், பயனர் பெயருக்குப் பதில் அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷை (பெயரிலிருந்து ஒரு சூத்திரம் கணக்கிட்டுத் தரும் குறியீட்டை) வைப்பது பலர் செய்யும் வழி. ஆனால் உங்கள் சர்வரில் சில நூறு பெயர்கள்தான் இருக்கும். அந்தப் பட்டியல் கையில் உள்ள எவரும் எல்லாப் பெயர்களுக்கும் ஹேஷ் கணக்கிட்டு நொடியில் பொருத்திவிடலாம். ரகசியச் சாவியோடு கணக்கிடும் எச்மேக் முறையைப் பயன்படுத்தி, சாவியை வேறு இடத்தில் வையுங்கள்.

அப்படிச் செய்தாலும் அது தனிநபர் தரவுதான் என்று ஆவணத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். 2006-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. தேடிய சொற்களை வைத்தே செய்தியாளர்கள் ஒரு பெண்ணை அடையாளம் கண்டுவிட்டார்கள்.

படி 4: சட்ட அடிப்படை

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்தினால், பெரும்பாலும் 6-வது பிரிவில் வரும் "நியாயமான நலன்" என்ற அடிப்படையைப் பார்ப்பீர்கள். அதற்கு மூன்று கேள்விகள்: நோக்கம் நியாயமானதா, இந்தத் தரவு இல்லாமல் முடியாதா, பயனரின் உரிமை அதைவிட மேலோங்குகிறதா? முதல் மூன்று படிகளை ஒழுங்காகச் செய்திருந்தால் பதில்கள் ஏற்கெனவே கையில் இருக்கும். அரசு அமைப்புகள் தங்கள் கடமையைச் செய்யும்போது இந்த அடிப்படையைப் பயன்படுத்த முடியாது. அவை பொதுப்பணி என்ற அடிப்படையைப் பார்க்க வேண்டும்.

சம்மதம் வாங்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். படிப்புக்கோ வேலைக்கோ இந்த சர்வரை விட்டால் வேறு வழியில்லை என்னும்போது, மாணவரோ ஊழியரோ தரும் சம்மதம் சுதந்திரமானது என்று சொல்வது கஷ்டம். நான் அதை அடிப்படையாக வைக்கமாட்டேன்.

படி 5: ஆயுளும் எல்லையும்

மூலப் பதிவுக்கும் அதிலிருந்து கூட்டி எடுக்கும் தொகுப்புக்கும் வெவ்வேறு ஆயுள் கொடுங்கள். அழிப்பதைத் தானியங்கி வேலையாக வையுங்கள். பேக்கப்பையும் அதில் சேருங்கள்.

அப்புறம், "பணித்திறனை மதிப்பிடப் பயன்படுத்தமாட்டோம்" என்ற வரியை மறக்காமல் எழுதுங்கள். அந்த ஆள் ராத்திரி எத்தனை மணி வரை வேலை செய்தார் என்று ஒரு மேலாளர் ஒருநாள் கேட்பார். அப்போது காட்ட எழுத்தில் ஒன்று வேண்டும்.

எழுதி முடித்தால் இப்படி இருக்கும்:

> நோக்கம்: அடுத்த கொள்முதலுக்கான நினைவக அளவை முடிவுசெய்தல்.
> எடுப்பவை: குழு, ஓடிய நேரம், கேட்ட நினைவகம், உச்ச நினைவகம்.
> எடுக்காதவை: பயனர் பெயர், ஜாப் பெயர், கட்டளை வரி, கோப்புப் பாதை.
> பார்ப்பவர்கள்: சர்வர் நிர்வாகிகள் மட்டும்.
> அழிப்பு: மூலப் பதிவு 90 நாளில், மாதத் தொகுப்பு 3 ஆண்டில்.
> பணித்திறன் மதிப்பீட்டுக்குப் பயன்படாது.

இதைத் தரவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டுங்கள். சரி என்றதும், உள்நுழையும்போது பயனர் கண்ணில் படும்படி அதன் இணைப்பைப் போட்டுவிட்டு, அதன் பிறகு லாக் எடுக்க ஆரம்பியுங்கள்.