காலேஜ் அப்ளிகேஷனுக்காக கீபோர்டு கிளாஸ் சேரும் முன்

முதலில் எங்கே படிக்கப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். அதை யோசிக்காமல் எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையை கீபோர்டு, செஸ், கராத்தே, அபாகஸ் என்று அலையவிட்டு, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சான்றிதழ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு "இதுக்கெல்லாம் மார்க் உண்டா?" என்று கேட்கிற பெற்றோர் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஃபைல் உண்டு, என் தம்பியுடையது. 23 சான்றிதழ். ஒன்றைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

நம்ம ஊர் பொறியியல் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை 200க்குக் கணக்குப் போட்டு ரேங்க் கொடுப்பார்கள். பாட்டுக்கும் பரதத்துக்கும் அங்கே இடமில்லை. விளையாட்டு மட்டும் வேறு கதை. அதற்கென்று 500 இடங்கள் தனியாக இருக்கின்றன, எந்த மட்டத்தில் ஆடினீர்கள், எத்தனாவது இடம் என்பதை வைத்துத்தான் வரிசை. அதனால் மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்கு விடியற்காலையில் ஓடப் போகிற பிள்ளையை ட்யூஷன் பேரைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஆனால் காசு கட்டியவர்களுக்கெல்லாம் மெடல் தருகிற 'இன்டர்நேஷனல்' போட்டிகள் பக்கம் போகவேண்டாம், சரிபார்ப்பில் அந்தக் காகிதம் நிற்காது.

ஐஐடி என்றால் ஜேஇஇ. சென்னை ஐஐடி 2024-25 முதல் விளையாட்டுக்கும், 2025-26 முதல் கலைகளுக்கும் கூடுதல் இடங்கள் ஒதுக்குகிறது. ஆனால் அங்கேயும் ஜேஇஇயின் இரண்டாம் கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு ரேங்க் பட்டியலில் பெயர் வந்தாக வேண்டும்.

அப்போ இந்தச் செயல்பாடுகள் எங்கேதான் செல்லுபடியாகும்? அமெரிக்கக் கல்லூரிகளிலும், இங்கே அசோகா மாதிரி சில தனியார் பல்கலைக்கழகங்களிலும். அமெரிக்காவுக்குப் பலரும் நிரப்புகிற காமன் ஆப் படிவத்தில் அதிகபட்சம் 10 செயல்பாடுகள் எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் விவரம் 150 எழுத்துக்குள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்தில் எத்தனை வாரம், எந்தெந்த வகுப்பில் என்றும் கேட்பார்கள். இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர் சிக்குவது இங்கேதான்.

நம்மவர்கள் கவனிக்காத ஒரு விஷயம், அந்தப் படிவத்தில் குடும்பப் பொறுப்பு, சம்பள வேலை இரண்டுக்கும் தனித்தனி வகை இருக்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவுக்குக் கடை இருக்கிற ஒரு பையன் என்னிடம், "அக்கா, எனக்கு எழுத ஒண்ணுமே இல்லை" என்றான். காலையில் என்னடா பண்ணுவே என்று கேட்டால், நாலு மணிக்கே போய் உதிரி மல்லியை எடை போட்டு வாங்குவானாம், முகூர்த்த நாளில் விலை எங்கே போய் நிற்கும் என்று முந்தின வருடத்து நோட்டைப் பார்த்து அப்பாவுக்குச் சொல்வானாம், ஏழு மணிக்குக் கிளம்பிப் பள்ளிக்கூடம். முதலில் அவன் எழுதிக் கொடுத்தது 'அப்பாவுக்குக் கடையில் உதவி'. திருத்தி எழுதியது: 'தினமும் காலை 3 மணி நேரம் பூ கொள்முதல்; இரண்டு வருட மல்லி விலையை நோட்டில் பதிந்து முகூர்த்த நாள் விலையைக் கணித்தேன்.' அந்த நோட்டு அவனிடம் இருக்கிறது, கேட்டால் காட்டலாம். இதற்குமேல் எந்த கீபோர்டு கிளாஸ் வேண்டும்?

வீட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால், கையில் ஏற்கெனவே இருக்கிற கிறுக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பறவை பிடிக்குமா, வாராவாரம் வண்டியூர்க் கண்மாய்க்குப் போய் எண்ணி, பறவைக் கணக்கைப் பதிகிற ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி மேலூர் பக்கம்தான், பஸ்ஸிலேயே போய்வரலாம். வரலாறு பிடித்தால் கீழடி இருக்கவே இருக்கிறது. ஒருதடவை சுற்றிப் பார்த்தால் அது டூர், எழுத வேண்டாம். தெருப் பிள்ளைகளை மாதாமாதம் கூட்டிப்போய் விளக்கிச் சொன்னால் எழுதலாம்.

இரண்டு மூன்று போதும், பத்துக் கட்டத்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்றில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்தால் நல்லது, பதினொன்றில் புதிதாகத் தொடங்கினால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி தேதி, நேரம், என்ன செய்தீர்கள் என்று அன்றன்றைக்கே குறித்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில், பரீட்சைக்கும் படிவத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, மூன்று வருடக் கணக்கை யாராலும் நினைவிலிருந்து எடுக்க முடியாது.