லிமிட் போட்டும் ஸ்பாம் போகிறதா? ஷேர்டு மெயில் சர்வரில் செய்யக்கூடாத தவறுகள்

பல டொமைன்கள் ஒரே ஐபி-யைப் பகிரும் சர்வரில் ஒருவருடைய பாஸ்வேர்டு திருடு போனால், எல்லோருடைய இன்வாய்ஸும் ஸ்பாம் ஃபோல்டருக்குப் போகும். அதற்காகத்தான் மணிக்கு இத்தனை என்று லிமிட் வைக்கிறோம். வைத்த பிறகும் ஸ்பாம் கசிந்தால், எதை எண்ணுகிறோம், எந்த இடத்தில் எண்ணுகிறோம் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம்.

பலரும் முதலில் கை வைப்பது, அதிலேயே இருக்கும் ஆன்வில் என்ற எண்ணும் கருவி. ஒரு ஐபி-யிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை மெயில் வரலாம் என்று அது பார்க்கும். ஸ்பாமரோ நூறு ஐபிகளிலிருந்து நாலைந்து மெயிலாக அனுப்புவான். மாட்டிக்கொள்வது, ஒரே பிராட்பேண்டில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ்தான். போதாக்குறைக்கு, மைநெட்வொர்க்ஸில் (சர்வர் நம்பும் ஐபிகளின் பட்டியல்) உள்ள ஐபிகளுக்கு இந்த லிமிட் இயல்பாகவே பொருந்தாது. அதே சர்வரில் ஓடும் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும் 127.0.0.1 என்ற உள்முகவரி வழியாகத்தான் மெயிலை ஒப்படைக்கும். வெப்மெயிலில் புகுந்தவனை ஆன்வில் தொடவே தொடாது.

அனுப்புநர் முகவரியை வைத்து எண்ணுவதும் வீண், மெயிலுக்கு மெயில் மாற்றிவிடுவான். மாறாதது லாகின் பெயர். மெயிலை ஏற்கலாமா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டுக்கொள்ளும் துணை நிரலான பாலிசி சர்வர் ஒன்றை இணைத்து அந்தப் பெயரில் கணக்கு வையுங்கள். ரவுண்ட்கியூபும் பயனரின் லாகினோடு அனுப்பும்படி அமைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் காலியாகவே வரும்.

எண்ண வேண்டியது மெயிலை அல்ல, பெறுநர்களை. மணிக்கு 50 மெயில் என்ற லிமிட்டுக்குள், பிசிசி-யில் 500 பேர் வீதம் போட்டால் 25,000 பேருக்குப் போய்விடும். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலுக்கு 1000 பெறுநர் வரை இயல்பாக ஏற்கும். அதை 100 ஆக்கலாம். பாலிசி சர்வரை மெயிலின் டேட்டா முடியும் கட்டத்தில் கூப்பிடுங்கள். பெறுநர் முகவரி வரும் கட்டத்தில் கூப்பிட்டால் பெறுநர் எண்ணிக்கை பூஜ்யம் என்றே கிடைக்கும். லிமிட் வேலை செய்வதுபோல் தெரியும், ஒன்றையும் தடுக்காது.

அதிகம் மறந்துபோகிற வழி பிஎச்பி. வேர்ட்பிரஸ் பிளகின் ஓட்டையில் புகுந்த ஸ்கிரிப்ட், சென்ட்மெயில் கட்டளை மூலம் நேராக க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) மெயிலைப் போடும். மெயில் வழக்கமாக நெட்வொர்க் வழியே வரும் எஸ்எம்டிபி வாசலுக்கே வராததால் மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் விழாது. சென்ட்மெயிலைப் பயன்படுத்தும் அனுமதியை ரூட் போன்ற ஒன்றிரண்டு பயனர்களுக்கு மட்டும் கொடுத்து, தளங்களை லாகினோடு எஸ்எம்டிபி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். முன்கூட்டியே அறிவிக்காமல் செய்தால் கான்டாக்ட் ஃபார்ம்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

மணிக்கணக்கு மட்டும் போதாது. மணிக்கு 100 என்றால் நாளுக்கு 2,400. நிதானமாக அனுப்புபவனுக்கு அது தாராளம். சாதாரண மெயில்பாக்ஸுக்கு மணிக்கு 100, நாளுக்கு 500 பெறுநர் என்று தொடங்கி, ஒரு வார லாக்கைப் பார்த்து ஏற்றி இறக்கலாம். ஓடிபி அனுப்பும் கணக்குக்குத் தனி லிமிட் வேண்டும். நியூஸ்லெட்டருக்குத் தனி ஐபி, அல்லது வெளிச்சேவை. ஒரு டொமைனிலிருந்து ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000-ஐத் தாண்டினால், டிமார்க் (டொமைன் பெயரில் போலி மெயில் போகாமல் காக்கும் பதிவு) 2024 பிப்ரவரி முதல் கட்டாயம்; விளம்பர, சந்தா மெயில்களுக்கு ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் கட்டாயம்.

லிமிட் தட்டியதும் யாருக்காவது அலர்ட் போக வேண்டும். பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்தாதீர்கள்: ஏற்கெனவே க்யூவில் ஏறிய ஸ்பாமை போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். அந்தக் கணக்கின் மெயில்களை முதலில் ஹோல்டில் போட்டு (அனுப்பாமல் நிறுத்தி வைத்து), ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிட்டு அழியுங்கள். அவசரத்தில் க்யூவை மொத்தமாகக் காலி செய்தால் மற்ற வாடிக்கையாளர்களின் மெயிலும் சேர்ந்து போய்விடும், அதை மீட்க வழியில்லை.