முதல் டுவார்ஃப் ஏஞ்சல் மீன்: கடையில் எதைக் கேட்பது, வீட்டில் எப்படி விடுவது

மலேசியாவின் ஈப்போவில் கடல்மீன் கடைக்குள் நுழைந்தால் கண் முதலில் போவது பாதி மஞ்சள், பாதி கருநீலமாக இருக்கும் பைகலர் ஏஞ்சலிடம்தான். புதிதாக வளர்ப்பவர் தொடக்கூடாத மீன் அது. பிடித்து அனுப்பும் வழியிலேயே நொந்துபோய், வீட்டுத் தொட்டியில் தீனி தொடாமல் மெலிந்து சாவது மிக அதிகம். டுவார்ஃப் ஏஞ்சல் எனப்படும் சிறிய ஏஞ்சல் மீன்களின் அதே சென்ட்ரோபைகி பேரினத்தில் உறுதியான மீன்கள் இருக்கும்போது இதில் தொடங்க வேண்டாம்.

1. தொட்டி

200 லிட்டருக்குக் குறையக்கூடாது. லைவ் ராக் (சிற்றுயிர்கள் குடியேறிய கடல் பாறை) போட்டு ஆறு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். இந்த மீன் நாள் முழுக்கப் பாறையைக் கொத்திப் பாசியையும் அதில் ஒட்டிய சிற்றுயிர்களையும் தின்னும். புதுப் பாறையில் அதற்கு ஒன்றும் இருக்காது. அமோனியாவும் நைட்ரைட்டும் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள், உப்பு அடர்த்தி (நன்னீரை 1 என்று கொண்டால்) 1.024 முதல் 1.025, பிஎச் 8.1 முதல் 8.4.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தகரக்கூரை வீடுகளில் பெரிய தொந்தரவு சூடு. மத்தியானத்தில் தொட்டி நீர் 31 பாகைக்கு எளிதில் போய்விடும். நமக்கு வேண்டியது 25 முதல் 27. நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து வைத்த சிறு காற்றாடி 2, 3 பாகை இறக்கும். மழைக்கால ஈரப்பதத்தில் அதன் பலன் குறையும். அப்போதும் 28க்கு மேலேயே நின்றால் சில்லர் என்ற நீர்க் குளிரூட்டிதான் வழி. காற்றாடி ஓடினால் நீர் வேகமாக ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். எனவே தினமும் ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுகட்ட, உப்பில்லாத ஆர்.ஓ. (வடிகட்டிச் சுத்திகரித்த) நீரை ஊற்றுங்கள். தகரக்கூரையில் வழியும் மழைநீரைப் பிடித்து ஊற்றவே கூடாது. கூரையின் துத்தநாகம் கரைந்து வரும். இறாலும் பவளமும் அதில் முதலில் போகும்.

2. எந்த மீன்

எங்கள் முதல் பரிந்துரை ஹாஃப் பிளாக் ஏஞ்சல். பேர்ல்ஸ்கேல் என்றும் சொல்வார்கள், சென்ட்ரோபைகி வ்ரோலிகி. முன்னுடல் முத்துச் சாம்பல், பின்னுடல் கறுப்பு, வளர்ந்தால் சுமார் 12 செ.மீ. நம் பக்கத்துக் கடல்களிலேயே வாழும் மீன். நிறம் அடக்கமானதால் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். தீனி எடுப்பதில் இதற்கு ஈடு குறைவு.

நிறம் வேண்டுமென்றால் கோரல் பியூட்டி. ஊதா நீல ஓரமும் ஆரஞ்சு விலாவும், சுமார் 10 செ.மீ. ஃபிளேம் ஏஞ்சலும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், ஆனால் தொலைதூரப் பசிபிக் தீவுகளிலிருந்து வருவதால் விலை அதிகம். லெமன்பீல், மல்டிபார் இரண்டையும் அனுபவம் வந்தபின் பார்க்கலாம்.

ஹாஃப் பிளாக் கேட்கும்போது ஏமாற இடமுண்டு. சாக்லெட் சர்ஜன் மீனின் குஞ்சு அச்சு அசலாக இதைப் போலவே நிறம் காட்டும். பிறகு 25 செ.மீ. வரை வளர்ந்து தொட்டிக்கு அடங்காது. செவுள் மூடியின் கீழோரத்தைப் பாருங்கள்: ஏஞ்சல் என்றால் பின்னோக்கி நீட்டிய ஒரு முள் தெரியும். சர்ஜனுக்கு அங்கே முள் இல்லை, வால் அடியில்தான் கத்தி போன்ற கூர்முள்.

3. கடையில்

வந்து ஒரு வாரமாவது ஆன மீனாக இருக்கட்டும். கண் தெளிவாக, வயிறு ஒட்டாமல், முதுகுச் சதை நிறைவாக, பாறையைக் கொத்திக்கொண்டே நீந்த வேண்டும். மூலையில் நின்று வேகமாக மூச்சு வாங்குவதும் பாறையில் உடம்பைத் தேய்ப்பதும் வேண்டாத அடையாளங்கள்.

பிறகு தவறாமல் ஒன்று செய்யுங்கள்: உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். கடலில் சயனைடு நஞ்சு அடித்து மயக்கிப் பிடித்த மீன் வெளிப்பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். உள்ளுறுப்பு கெட்டு வாரங்கள் கழித்துச் சாகும். சாப்பிடுவதைப் பார்த்தால் மட்டும் சயனைடு இல்லை என்று உறுதியாகாது. ஆனாலும் சாப்பிடாத மீனை எவ்வளவு விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

வலையில் அள்ளினால் செவுள் முள் சிக்கிக் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கடைத் தொட்டியின் உப்பு அடர்த்தியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பையை மூடிய போலிஸ்டிரீன் பெட்டியில் வையுங்கள்; வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

4. தனிமைத் தொட்டி, நான்கு வாரம்

புது மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தனியே வைக்கும் தொட்டி இது. 40 முதல் 60 லிட்டர் போதும். மணல் வேண்டாம். ஒளிந்துகொள்ள இரண்டங்குல பிவிசி குழாய்த் துண்டுகள் போடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியில் ஓடவிட்டு பாக்டீரியா பிடித்தபின் இங்கே மாற்றுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நாளே அமோனியா ஏறும்.

பல கடைகள் உப்பை 1.020 அளவிலேயே வைத்திருக்கும். தனிமைத் தொட்டியையும் முதலில் அதே அளவில் வைத்து, நாளுக்கு 0.001 வீதம் ஏற்றுங்கள். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் மாற்றுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக்கூடாது.

செம்பு மருந்தை முன்னெச்சரிக்கையாக ஊற்றாதீர்கள். இந்த மீன்கள் அதைத் தாங்குவது குறைவு, பசியும் போய்விடும். வெண்புள்ளி நோய் கண்டால் மட்டும், செம்பு அளக்கும் கிட் கையில் இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக அளவை ஏற்றுங்கள். பெரிய தொட்டியில் ஒருபோதும் வேண்டாம்.

5. விடுவதும் தீனியும்

மற்ற மீன்களெல்லாம் குடியேறியபின் ஏஞ்சலைக் கடைசியாக விடுங்கள். முதலில் வந்தால் தொட்டி முழுக்கத் தனக்கென்று பின்னால் வருவதை விரட்டும். இந்தப் பேரினத்தில் ஒரே ஒரு மீன் போதும். இரண்டு வைத்தால் சண்டைதான்.

நாளுக்கு இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாகப் போடுங்கள்: ஸ்பைருலினா கலந்த தீனி, உறைந்த மைசிஸ் (சிறு இறால் போன்ற உயிர்), கடல் பஞ்சுயிரி சேர்த்த ஏஞ்சல் தீனி, நோரி என்ற கடற்பாசித் தாள். சூப்பர்மார்க்கெட்டில் நொறுக்குத்தீனியாக விற்கும் நோரியில் எண்ணெயும் உப்பும் இருக்கும். எதுவும் சேர்க்காத தாளை வாங்குங்கள். வயிறு நிறைந்தாலும் சில மீன்கள் சதைப்பற்றுள்ள பவளங்களையும் ராட்சதச் சிப்பியையும் கொத்தும். அவற்றை வளர்ப்பவர்கள் இந்த மீனைத் தவிர்ப்பது நல்லது.

டிங்கிக்குப் புகையடிக்க வரும் அறிவிப்பு கிடைத்தால் சன்னல்களைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்று பம்பையும் ஸ்கிம்மரையும் (நுரையால் கழிவு பிரிக்கும் கருவி) நிறுத்துங்கள். இரண்டும் வெளிக்காற்றை நீருக்குள் இழுப்பவை; புகையிலுள்ள பைரித்ராய்டு மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. நீரைச் சுழற்றும் பவர்ஹெட் மட்டும் ஓடட்டும். புகை முழுக்கக் கலைந்தபின் வீட்டைத் திறந்து காற்றோட்டம் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து பம்பையும் ஸ்கிம்மரையும் மீண்டும் போடுங்கள்.