எல் சால்வடோரில் நான்கு நாள்: சின்ன நாடுதானே என்று கிளம்பாதீர்கள்

மத்திய அமெரிக்கா என்றால் கோஸ்டாரிகாவுக்கும் குவாத்தமாலாவுக்கும்தான் கூட்டம் போகிறது. குவாத்தமாலாவை ஒட்டிப் பசிபிக் கரையில் இருக்கும் எல் சால்வடோர் பலர் கண்ணில் படுவதே இல்லை. பரப்பு ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர், அந்த வட்டாரத்திலேயே சிறிய நாடு. எரிமலை, கடல், மாயன் கால ஊர், காப்பித் தோட்டம் என எல்லாம் ஓரிரு மணி நேரத் தூரத்துக்குள் இருப்பதால் நான்கு நாள் விடுமுறைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும். சொதப்பலும் அதனால்தான் வருகிறது. சின்ன நாடுதானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் விசாரிக்காமல் கிளம்பிவிடுகிறோம்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாரிப்பை விமான டிக்கெட்டிலிருந்தே தொடங்க வேண்டும். இந்திய, ஆப்பிரிக்க நாட்டு பாஸ்போர்ட்டோடு தன் விமான நிலையம் வழியாகப் போகிறவர்களுக்கு எல் சால்வடோர் 2023 அக்டோபரில் 1,000 டாலர் கட்டணம் விதித்தது. வரியோடு 1,130 டாலர். விமான நிலையத்தை மேம்படுத்தத்தான் இந்தப் பணம் என்றார்கள். குடியேறுவதற்காக அமெரிக்க எல்லையை நோக்கிப் போகிறவர்களைக் குறைக்கத்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. மலிவாக டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவருக்கு இது பேரிடி. இன்றைய நிலையில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கட்டணம் உண்டா, விசா விதி என்ன என்பதை விமான நிறுவனத்திடமும் தூதரகத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

அடுத்தது கிழமை. நான்கு நாளில் ஒரு நாள் கணக்கு தப்பினால் பயணத்தில் கால்வாசி போச்சு. தொல்லியல் பூங்காக்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஹுவாயுவா என்ற மலையூரின் உணவுச் சந்தையோ சனி, ஞாயிறு மட்டும்தான். புதன்கிழமை போய் இறங்கினால் அழகான, அமைதியான, பசிக்கிற ஊராக இருக்கும். ஆகவே வாரக் கடைசியை மலைப்பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு மற்றதை அதைச் சுற்றி வையுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் ஆகஸ்ட் முதல் வாரத் திருவிழா விடுமுறையிலும் உள்ளூர்க்காரர்கள் மொத்தமும் கடற்கரையில்தான் இருப்பார்கள். அறை கிடைப்பது கஷ்டம்.

பருவத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே 'வெரானோ', அதாவது கோடை, என்று சொல்வது நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களை. மே முதல் அக்டோபர் வரை மழை, அதற்குப் பெயர் குளிர்காலம். ஜூலையில் கோடை என்று நம்பிப் போகிறவர்கள் மாலை மழையில் தொப்பலாக நனைவார்கள்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, மாயன் கால ஊரான ஹோயா தே செரேனை இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு திரும்புவது. யுனெஸ்கோ பட்டியலில் 1993 முதல் இருக்கும் இடம் என்றதும் வானளாவிய பிரமிடை எதிர்பார்த்துப் போகிறார்கள். அங்கே இருப்பவை மண் வீடுகள். கி.பி. 600 வாக்கில் பக்கத்திலிருந்த லோமா கால்தேரா எரிமலை வெடித்து, அந்தக் கிராமத்தைச் சில மீட்டர் சாம்பலுக்கு அடியில் புதைத்தது. 1976இல் தானியக் கிடங்கு கட்ட புல்டோசர் மண்ணைத் தள்ளியபோதுதான் வீடு ஒன்று தலைகாட்டியது. சமையலறை, நீராவிக் குளியலறை, பானைக்குள் பீன்ஸ், பாத்தி பிடித்த வயல் என எல்லாம் அப்படியே கிடைத்தன. மனித உடல் மட்டும் கிடைக்கவில்லை. சட்டிபானையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊரே ஓடியிருக்கிறது. ராஜா கட்டிய கோயில்கள் மாயன் உலகெங்கும் இருக்கின்றன. குடியானவன் வீட்டு அடுப்படி இப்படிக் கிடைப்பது அபூர்வம். வழிகாட்டி இல்லாமல் பார்த்தால் வெறும் மண்சுவர்தான் தெரியும். ஒருவரை அமர்த்திக்கொண்டு, ஒன்றரை மணி நேரமாவது இருங்கள்.

சாந்தா ஆனா எரிமலைக்கு (2,381 மீட்டர்) மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று திட்டமிடுவது இன்னொரு வீண் அலைச்சல். வழிகாட்டியோடு குழுவாகத்தான் ஏறவிடுவார்கள், குழுக்கள் காலையிலேயே கிளம்பிவிடும். ஏறி இறங்க நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் பச்சை நிறக் கந்தக ஏரி. 2005 அக்டோபரில் வெடித்த மலை இது, அவ்வப்போது மூடியும் வைப்பார்கள். அடிவாரம் வெயிலில் கொதிக்கிறதே என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள், மேலே காற்று வாட்டும். எதிரே கரிய கூம்பாக நிற்பது இசால்கோ. 1770இல் தோன்றி, ஏறக்குறைய 1958 வரை விடாமல் கக்கியதால் மாலுமிகள் அதைப் பசிபிக்கின் கலங்கரை விளக்கம் என்றார்கள். நெருப்பை ரசிப்பதற்கென்றே எதிர்மலையில் ஓட்டல் கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் மலை ஓய்ந்துவிட்டது.

கடலுக்கு வருவோம். எல் துன்கோ கடற்கரை அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கானது. கருமணல், உருண்டைக் கற்கள், இழுத்துப் போகும் நீரோட்டம். குழந்தைகளைக் குளிக்க விடுகிற கடல் இல்லை. நீந்த ஆசையிருந்தால் எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய கோவாதேபேகே ஏரிக்குப் போகலாம். சர்வதேச விமான நிலையம் தலைநகர் சான் சால்வடோரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரச் சமவெளியில் இருக்கிறது. இறங்கியதும் தலைநகருக்கு ஏறிப் போய், மறுநாள் கடலுக்காக மறுபடி இறங்கி வருவது இரட்டை வேலை. முதலில் கடற்கரை, அப்புறம் நகரம்.

சாப்பாட்டில் புபூசா இல்லாமல் நாள் போகாது. மக்காச்சோள மாவு உருண்டைக்குள் பூரணம் வைத்துத் தட்டி, கல்லில் சுட்டெடுப்பது. ஒலோகுவில்தா என்ற ஊரில் அரிசி மாவில் செய்வார்கள். மதியம் தேடி அலையாதீர்கள், பல கடைகளில் சாயங்காலம்தான் கல் சூடாகும். முட்கரண்டி கேட்காதீர்கள், கையால் பிய்த்துத் தின்பதுதான் மரபு. நமக்கு அதில் சிரமமே இல்லை. சைவக்காரர்களுக்குத்தான் எச்சரிக்கை. 'ரெவ்வெல்தா' என்றால் பன்றி இறைச்சி கலந்தது. பீன்ஸையும் பன்றிக்கொழுப்பில் வதக்குவதுண்டு. 'சின் மன்தேக்கா', கொழுப்பு வேண்டாம், என்று கேட்டுப் பாருங்கள். பாலாடைக்கட்டியோடு லொரோகோ பூமொட்டு வைத்தது ஓரளவு பத்திரம், ருசியும் அதுதான்.

பணத்துக்குக் கவலை வேண்டாம், 2001 முதல் அமெரிக்க டாலர்தான் புழக்கம். ஆனால் 50, 100 டாலர் நோட்டைத் தெருக்கடையில் நீட்டினால் சில்லறை இருக்காது. கால் டாலர் நாணயத்தை 'கோரா' என்பார்கள், நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிட்காயினை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2021இல் சட்டப்படி செல்லும் பணமாக அறிவித்தார்கள், 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இப்போது கடைக்காரருக்கு இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு வகையாகத் தப்புச் செய்கிறார்கள். குற்றக் கும்பல்கள் செய்த கொலைகள் பற்றிப் பத்து வருடத்துக்கு முந்தைய செய்திகளைப் படித்துப் பயந்து, பயணத்தையே விட்டுவிடுவது ஒன்று. இப்போது கொலைகள் வெகுவாகக் குறைந்து, மாலையில் சதுக்கங்களில் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. இனி ஒன்றும் இல்லை என்று அசட்டையாக இருப்பது இரண்டாவது. அந்தக் கும்பல்களை ஒடுக்க 2022 மார்ச்சில் வந்த அவசரநிலையின் கீழ் பல்லாயிரம் பேர் கைதானார்கள். குற்றமற்றவர்களும் அதில் சிக்கியதாக மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. காரணம் சொல்லாமல் 15 நாள் காவலில் வைக்க அது இடம் கொடுத்தது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ராணுவத்தினரைப் படமெடுக்காதீர்கள். டாக்சிக்காரரிடம் அரசியல் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம்.

கடைசி நாள் தலைநகரின் பழைய மையத்தில் கழியட்டும். 1980இல் திருப்பலி நடத்தும்போது சுடப்பட்ட பேராயர் ரொமேரோவின் கல்லறை பேராலயத்தின் நிலவறையில் இருக்கிறது. மேலே கும்பிட்டுவிட்டு, கீழே இறங்காமலே போய்விடுகிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே எல் ரொசாரியோ தேவாலயம். வெளியிலிருந்து பார்த்தால் துருப்பிடித்த விமானக் கொட்டகை மாதிரி இருப்பதால் வாசலைத் தாண்டி நடந்துவிடுவார்கள். வெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்து உள்ளே நுழையுங்கள். வளைந்த கூரையில் பதித்த வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கும் வானவில் தரையெல்லாம் படர்ந்திருக்கும்.